வரியில் போகும் பணம் தெரிகிறது, வங்கியில் வரும் பணம் தெரிகிறதா?

#1 பவர்டேபிள்_மணி (திருப்பூர்)

மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிக் குழு, தமிழ்நாடு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது என்கிற பேச்சு மறுபடியும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கேட்டால் திட்டுதான் விழும். இங்கே கேட்டால் உருப்படியாக நாலு பேர் பதில் சொல்வார்கள் என்று கேட்கிறேன்.

நான் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவன், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. சின்ன பவர் டேபிள் யூனிட், அதாவது தையல் பட்டறை. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை அதில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடும். முன்பு மணி டிரான்ஸ்பர் கடையில் வரிசை நிற்கும், இப்போது போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். "வரியும் அங்கே போகிறது, கூலியும் அங்கே போகிறது, நமக்கு என்ன மிச்சம்?" என்று பக்கத்து யூனிட்காரர் தினமும் புலம்புகிறார்.

என் சந்தேகம் வேறு. இத்தனை காலமாக இவ்வளவு பணம் போகிறதே, அங்கே ஏன் ஒரு பவர் டேபிள்கூட முளைக்கவில்லை? ஆள் இருக்கிறான், வேலை தெரிந்தவனாக இருக்கிறான், இடமும் இங்கேயுள்ள விலை இல்லை. அப்புறம் ஏன் தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் நசுங்கிக்கொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து என் மெஷினில் உட்காருகிறான்? "சோம்பேறிகள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவனை அப்படிச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#2 சோழன்77

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது மணி? 15வது நிதிக் குழு (2021-26) பங்கீட்டில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058. தமிழ்நாட்டுக்கு 4.079. கேரளாவுக்கு 1.925. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்கு அபராதம், செய்யாதவனுக்குப் பரிசு. இலவசமாகப் பணம் வந்துகொண்டே இருந்தால் எவன் தொழில் தொடங்குவான்?

#3 ஐந்தொகை

சோழன், எண்கள் சரி. ஆனால் பக்கத்தில் மக்கள்தொகையை வைக்காமல் படித்தால் கோபம் மட்டும்தான் வரும், கணக்கு வராது. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டு மக்களில் உ.பி. 16.5 சதவீதம், பீகார் 8.6, தமிழ்நாடு 6, கேரளா 2.8. அப்படியானால் உ.பி. தன் தலைக்கணக்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வாங்குகிறது. பீகார் ஏறக்குறைய 1.17 மடங்கு. நாம் மூன்றில் இரண்டு பங்கு. தலைக்குப் பார்த்தால் பீகாரிக்குப் போவது தமிழனுக்கு வருவதைப் போல 1.7 மடங்கு. வித்தியாசம் நிச்சயம் உண்டு, நாம் தலைக்குத் தலை இழக்கிறோம் என்பதும் உண்மைதான். ஆனால் 10க்கு 4 என்று எழுதும்போது மனதில் படியும் படம் இதைவிடப் பெரிது.

அதோடு, பீகாரில் தனிநபர் வருமானம் 2023-24இல் 70,000 ரூபாய்கூட எட்டவில்லை. இங்கே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாலு மடங்குக்கு மேலான இடைவெளியை 1.7 மடங்கு பங்கீட்டால் மூடிவிட முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளமும் ஆஸ்பத்திரி மருந்தும் வாங்கத்தான் அது சரியாக இருக்கும்.

29 பைசா கணக்கிலும் ஒரு ஓட்டை. நேரடி வரி எந்த மாநிலத்தில் வசூலானது என்ற பட்டியலை வைத்துத்தான் அந்தப் பேச்சு. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே வரி கட்டுகிறதோ அந்த மாநிலத்தின் பெயரில்தான் அது ஏறும். தொழிற்சாலை ஒடிசாவில், சுரங்கம் ஜார்க்கண்டில், வரி மும்பையில். மகாராஷ்டிரத்தின் எண்ணிக்கை அவ்வளவு உயரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கணக்கிலும் இப்படிக் கொஞ்சம் இருக்கிறது.

#4 சோழன்77

ஐந்தொகை, ஆடிட்டர் சார், அழகாகச் சுற்றிவிட்டீர்கள். மூன்றில் இரண்டு பங்குதான் வாங்குகிறோம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அது போதும் எனக்கு.

#5 மிதிலா_கிளை (ஓய்வு)

மணி தம்பி கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் சில ஆண்டுகள் வட பீகாரில், மதுபனி மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விகிதம். வங்கியில் மக்கள் போடும் நூறு ரூபாயில் அந்த மாநிலத்திலேயே எவ்வளவு கடனாகத் திரும்புகிறது என்பதைக் கடன் வைப்பு விகிதம் என்போம். ரிசர்வ் வங்கி மாநிலவாரியாக வெளியிடுகிறது. பீகாரில் இது பல ஆண்டுகளாக 50க்குக் கீழேயோ அதைச் சுற்றியோதான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 100ஐத் தாண்டும். அதாவது நாம் போட்டதைவிட அதிகமாக எடுக்கிறோம். எங்கிருந்து வருகிறது அந்த அதிகம்? பீகார் மாதிரி இடங்களில் போட்டு எடுக்காமல் விட்டதிலிருந்து.

உடனே "பாதிப் பணத்தைத் திருடுகிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். நூறில் இருபதுக்கு மேல் சட்டப்படி அரசுப் பத்திரங்களுக்கும் ரிசர்வ் வங்கியில் வைக்கும் இருப்புக்கும் போய்விடும், அது எந்த மாநிலத்திலும் அப்படித்தான். ஆகவே பீகாரில் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் வெளியே போவது நூறுக்கு இருபத்தைந்து முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தலைமையகம் வைத்த கம்பெனி வாங்கும் கடன் சென்னைக் கணக்கில் ஏறிவிடும் என்ற குறையும் இந்த விகிதத்தில் உண்டு. இதையெல்லாம் கழித்தாலும் ஓடும் திசை மாறாது.

இப்போது உங்கள் டெய்லரைப் பாருங்கள். சனிக்கிழமை வாங்கிய கூலியை ஊரில் அம்மா கணக்குக்கு அனுப்புகிறான். அம்மா செலவு போக மிச்சத்தை அப்படியே வைக்கிறார். அந்த மிச்சம் ஊரில் கடனாகவில்லை. வங்கியின் மொத்தத் தொகையில் கலந்து, திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட்டருக்குப் பேக்கிங் கிரெடிட்டாக, அதாவது ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்கும் கடனாக, வந்து சேருகிறது. மணி தம்பி, உங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறவர் அந்தப் பணத்தில்தான் நூல் வாங்கியிருப்பார்.

சரி, ஊரில் ஏன் கடன் கொடுக்கவில்லை? மேனேஜர்களுக்குக் கொடுக்க மனசில்லை என்று சொல்வது எளிது, அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய முடிச்சு நிலப் பத்திரம். நம் ஊரில் கடனுக்கு வந்தால் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று ஒரு கட்டு நீட்டுவார்கள். அங்கே ஒருவர் வருவார், நிலம் இருக்கிறது, உழுகிறார், ஊரே சாட்சி சொல்லும். கதியான் என்கிற பதிவேட்டைக் கேட்டால் அதில் இருப்பது அவருடைய தாத்தாவின் பெயர். சில சமயம் தாத்தாவின் அப்பா. பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். ஒரு தம்பி சூரத்தில், ஒருவர் லூதியானாவில், அத்தை கல்யாணமாகி நேபாளத்தில். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் அடமானம் செல்லும். எனக்குத் தெரிந்து ஒரு மாவு மில் திட்டம் இந்த ஒரே காரணத்துக்காகக் கோப்பிலேயே கிடந்து காலாவதியானது. அந்த மனிதர் அப்புறம் டெல்லிக்குப் போய் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1793க்குப் போக வேண்டும். காரன்வாலிஸ் வங்காளம், பீகார் பக்கம் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார் மொத்தமாகக் கட்டிவிடுவார். யார் எந்த வயலை உழுகிறார் என்று அரசாங்கம் எழுதிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னை மாகாணத்தில் பெரும்பகுதிக்கு மன்றோவின் ரயத்துவாரி. ஒவ்வொரு உழவரிடமும் நேராக வசூலிக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து சர்வே எண் போட வேண்டும், கர்ணம் கணக்கு எழுத வேண்டும். வரியை உறிஞ்சத்தான் செய்தார்கள், நமக்கு உபகாரமாக இல்லை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகம் மிஞ்சியது. பீகாரில் 1885ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்துக்குப் பிறகுதான் வயல் வயலாக அளக்க ஆரம்பித்தார்கள். அந்த நூறாண்டுப் பழைய பதிவுதான் பல கிராமங்களில் இன்றும் ஆதாரம். 2024இல் மாநிலம் முழுக்க விசேஷ நில அளவை தொடங்கினார்கள். டெல்லி, சூரத்திலிருந்தெல்லாம் லீவு போட்டுக்கொண்டு வம்சாவளி எழுதிக் கொடுக்க ஆட்கள் ஊருக்கு ஓடினார்கள்.

அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் மாவட்டவாரியாகப் பார்த்தது. ஜமீன்தாரி இருந்த மாவட்டங்கள் விடுதலைக்குப் பிறகும் விவசாய விளைச்சலில், முதலீட்டில், பள்ளி, சுகாதாரச் செலவில் பின்தங்கியே இருக்கின்றன என்பது முடிவு. ஜமீன் ஒழிந்தும் நிழல் போகவில்லை.

நிதிக் குழு பணம் கண்ணுக்குத் தெரிகிற பணம், பட்ஜெட்டில் எண்ணாக வருகிறது, அதனால் சண்டை. வங்கி வழியாகத் தெற்கே வருகிற பணத்துக்கு மேடையில் பேச ஆள் இல்லை. என் வருத்தம் இதுதான்.

#6 கண்மாய்க்கரை (ராமநாதபுரம்)

ஐயா, ஜமீன் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தமிழ்நாடு முழுவதும் ரயத்துவாரி இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை இரண்டுமே பெரிய ஜமீன்கள். 1948 சட்டத்தில்தான் எஸ்டேட் ஒழிப்பு. 2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் போனவை ராமநாதபுரமும் விருதுநகரும். அரசு ஊழியரை "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டினால் எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும்.

எல்லாப் பழியையும் ஜமீன் மேல் போட மாட்டேன். மழை குறைவு, நிலத்தடி நீர் உப்பு, கண்மாய் எல்லாம் சீமைக்கருவேலம். ஆனால் சென்னைக்காரர்கள் பீகாரைப் பற்றிப் பேசும் அதே தொனியில்தான் எங்களைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் பையன்கள் துபாய்க்கும் மலேசியாவுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் பெரிய பெரிய மாடி வீடுகள் வந்தன. ஃபேக்டரி வரவில்லை. கரி மூட்டமும் குண்டு மிளகாயும் அப்படியே இருக்கின்றன. ஆகவே மணி அண்ணன் கேட்ட கேள்வியை எங்கள் மாவட்டத்துக்கும் கேட்கலாம். தமிழ்நாடு 3 லட்சம் என்கிற எண்ணில் ஸ்ரீபெரும்புதூர் எவ்வளவு, கமுதி எவ்வளவு?

#7 சோழன்77

ராம்நாடு சொந்த வீட்டுப் பிரச்சினை, நாம் பார்த்துக்கொள்வோம். [நீக்கப்பட்டது] கூட்டத்துக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்?

#8 மட்டுறுத்துநர்

சோழன்77, அந்தச் சொல் இந்தக் களத்தில் வேண்டாம். 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவி, தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறி, பீகார் அரசிலிருந்து குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது யாருக்கும் மறந்திருக்காது. வாதத்தை மட்டும் வையுங்கள். இழை திறந்தே இருக்கிறது.

#9 லேக்மார்க்கெட்_சீனு (கொல்கத்தா)

நான் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா காலத்தில் மெட்ராஸில் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் முடித்தால் கல்கத்தாவுக்கு ரயில் ஏறுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? லேக் மார்க்கெட் பக்கம் மெஸ்ஸும் தமிழ் சங்கமும் அப்படி வந்தவைதான். அப்போது வேலை தேடிப் போகும் திசை வேறு.

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் ஒரு தாள் வெளியிட்டது. 1960-61இல் நாட்டு உற்பத்தியில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 சதவீதம். 2023-24இல் 5.6. தனிநபர் வருமானம் தேசிய சராசரியைப் போல 127.5 சதவீதமாக இருந்தது 83.7க்கு இறங்கிவிட்டது. அதே தாளில் ஐந்து தென் மாநிலங்களும் சேர்ந்து இன்று 30 சதவீதம். 1991க்கு முன் தெற்கில் இப்படி ஒரு தனிப் பாய்ச்சல் எதுவும் இல்லை.

இதில் சரக்குக் கட்டணச் சமன்பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. 1950களில் கொண்டுவந்தார்கள். ஜாம்ஷெட்பூரில் உருக்கிய எஃகு ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ அதே விலைதான் சென்னையிலும் பம்பாயிலும் லூதியானாவிலும். ரயில் கூலி வித்தியாசத்தை ஒரு பொது நிதி ஏற்றுக்கொள்ளும். சிமென்டுக்கும் இப்படித்தான். நோக்கம் நல்லதுதான், நாடு முழுக்கத் தொழில் பரவட்டும் என்று. ஆனால் கிழக்கு மாநிலங்களுக்கு இருந்த ஒரே அனுகூலம் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அதைச் சட்டம் போட்டு அழித்தார்கள். துறைமுகமும் சந்தையும் பக்கத்தில் உள்ள மேற்கும் தெற்கும் ஏன் அங்கே போய்த் தொழில் வைக்கப் போகின்றன? பருத்திக்கு இப்படி ஒரு சமன்பாடு இருந்திருந்தால் கோயம்புத்தூர், அகமதாபாத் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பருத்திக்குக் கிடையாது!

1990களின் தொடக்கத்தில் இதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நாற்பது வருஷம் போய்விட்டது. ஹவுராவின் பட்டறைகள் பூட்டியாகிவிட்டன. இதற்கு எங்கள் ஊர்த் தொழிற்சங்க அரசியலும் கதவடைப்புகளும் பெரிய காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் சோழன், அந்த நாற்பது வருஷம் ஜார்க்கண்டின் பணம் சென்னைக்கு வந்தது. நிதிக் குழு கணக்கில் அது எந்தப் பத்தியிலும் இல்லை.

#10 ஒசூர்_செல்வி

மேலே எழுதிய எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெண்கள் என்கிற சொல்லே இன்னும் வரவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் ஆளெடுப்புப் பிரிவில் இருக்கிறேன். லைனில் நிற்பது முழுக்கப் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான். இதற்குப் பின்னால் ஒரே ஒரு திட்டம் இல்லை. 1956 மதிய உணவு, 1982 சத்துணவு, ரேஷன், பக்கத்து ஊருக்குப் பஸ், பத்தாவது படித்தால் திருமண உதவி, அப்புறம் ஹாஸ்டல். 2019-21 குடும்ப நல ஆய்வில் பத்து வருஷமாவது பள்ளிக்குப் போன பெண்கள் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். பீகாரில் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. கம்பெனிக்காரர் இடம் பார்க்க வரும்போது மானியம் எவ்வளவு என்று கேட்பார், உண்மைதான். ஆனால் அடுத்த கேள்வி, "ஆறு மாதத்தில் பன்னிரண்டாவது படித்த ஆயிரக்கணக்கான பேரை எடுக்க முடியுமா?" என்பது. அதற்கு ஆமாம் என்று சொல்ல முடிவது நாற்பது வருஷப் பஸ்ஸாலும் பள்ளியாலும்.

ஒசூரே ஒரு உதாரணம். 1970களில் சிப்காட் வந்தபோது இது பின்தங்கிய தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பெங்களூரு பக்கம் என்பது உதவியது, ஆனால் பெங்களூரு பக்கம் வேறு ஊர்களும்தான் இருந்தன. மாநில அரசு நிலமும் கரண்டும் கொடுத்து உட்கார வைத்தது.

பீகாரில் எதுவும் நடக்கவில்லை என்பதும் தப்பு. 2006இல் ஒன்பதாவது போகும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வில் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் அதிகப் பலன். அந்தப் பெண்களில் முதலில் சைக்கிள் வாங்கியவர்கள் இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை எங்கே என்பதுதான் பாக்கி. எங்கள் ஹாஸ்டலில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிறு சாப்பாட்டில் சப்பாத்தியா பூரியா என்று சண்டை நடக்கிறது, அது வேறு கதை.

#11 பவர்டேபிள்_மணி

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மிதிலா ஐயா, பேக்கிங் கிரெடிட் விஷயம் எனக்குப் புதுசு. பக்கத்து யூனிட்காரருக்குப் படித்துக் காட்டினேன், "அது வங்கி வட்டி வாங்குகிற பணம், இனாம் இல்லை" என்றார். அதுவும் நியாயம்தானே?

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ராஞ்சி, புவனேஸ்வர் பக்கமெல்லாம் ஆடை ஆலைகள் வந்திருக்கின்றன, மாநில அரசு கூலியில் பங்கு கொடுக்கிறது. என்னையும் ஒரு கான்ட்ராக்டர் கூப்பிட்டார். போனால் என்ன ஆகும்? இங்கே எலாஸ்டிக் தீர்ந்தால் பையன் டிவிஎஸ்ஸில் போய்ப் பத்து நிமிஷத்தில் வாங்கி வருவான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள். நிறம் ஒரு ஷேடு தப்பினால் டையிங்காரரை நேரில் பார்த்துச் சண்டை போடலாம். ஊசி உடைந்தால், மெஷின் நின்றால், மெக்கானிக் டீ குடித்துக்கொண்டு தெருமுனையிலேயே நிற்பார். பெரிய கம்பெனி இதையெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் கட்டிக்கொள்ளும், அதனால் போகலாம். என்னைப் போன்ற ஜாப் ஒர்க்காரன் போனால் முதல் ஆர்டரிலேயே மூழ்கிவிடுவான். ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் என்பது இப்படிப்பட்ட சில்லறைக் கடைகள் சேர்ந்ததுதான்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. நொய்யல் ஆறு நாசமானது, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறை எல்லாம் மூடிக் கிடந்தோம். இதையும் சேர்த்து ராஞ்சிக்குக் கொண்டு போகச் சொல்ல மாட்டேன்.

#12 ஊசிநூல்_டிரேடர்ஸ்

நான் சீனாவிலிருந்து தையல் மெஷின் உதிரிபாகம் இறக்குமதி செய்கிறவன். மணி சொல்வதை அப்படியே தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பார்க்கலாம். 1980இல் ஷென்சென் முதலான நாலு சிறப்பு மண்டலம், எல்லாம் கடற்கரை. கடற்கரை முதலில் ஓடட்டும், உள்நாடு காத்திருக்கட்டும் என்று டெங் சியாவோபிங் வெளிப்படையாகவே சொன்னார். 2000இல்தான் மேற்கு வளர்ச்சித் திட்டம். அப்புறம் கடற்கரையில் கூலி ஏற ஏற, 2010 வாக்கில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் உள்நாட்டு நகரங்களான ஜெங்ஜோவுக்கும் செங்டுவுக்கும் நகர்ந்தது. அதற்கு முன்பே அங்கே நெடுஞ்சாலையும் விமான நிலையமும் தயார். ஒரு மாகாணத்துக்குள் மொத்தச் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு யூனிட்டை இல்லை.

ரொம்பப் புகழவும் வேண்டாம். ஹுகோவ் என்கிற சொந்த ஊர்க் குடியிருப்புப் பதிவால் நகரத்துக்கு வந்த தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைப்பது திண்டாட்டம், பலர் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். வடகிழக்கில், லியாவோனிங் பக்கம், பழைய எஃகு நகரங்கள் சீனு சார் சொல்லும் ஹவுரா போலவே கிடக்கின்றன.

#13 ராய்ச்சூர்_எக்ஸ்பிரஸ்

பெங்களூருவிலிருந்து ஒரு வரி. கர்நாடகத்தில் நஞ்சுண்டப்பா குழு 2002இல் 114 தாலுகாக்களைப் பின்தங்கியவை என்று பட்டியலிட்டது. வடக்கே யாத்கிர், ராய்ச்சூர் பக்கம்தான் நெருக்கம். 2012இல் அரசியலமைப்பையே திருத்தி அந்தப் பகுதிக்குச் சிறப்பு ஏற்பாடாக 371ஜெ பிரிவைக் கொடுத்தார்கள். இன்றும் பெங்களூருவில் கட்டட வேலைக்கு வரும் குடும்பங்களில் பல யாத்கிர் பக்கத்திலிருந்துதான். மகாராஷ்டிரத்தில் விதர்பா, மராத்வாடா. தெலங்கானா இந்தக் கோபத்தில் தனி மாநிலமே ஆயிற்று. வடக்கு தெற்கு என்று ஒரே ஒரு கோடு போட்டால் இவையெல்லாம் எந்தப் பக்கம்?

#14 சோழன்77

சரி, எல்லாம் படித்தேன். சரக்குக் கட்டணம் விஷயம் எனக்கும் தெரியும், அது டெல்லி போட்ட சட்டம், சென்னை போட்டதில்லை. ஜார்க்கண்டுக்கு அநியாயம் செய்ததும் டெல்லி, இன்று நமக்குச் செய்வதும் டெல்லி. என் வாதம் இதனால் பலப்படத்தான் செய்கிறது.

செஸ், சர்சார்ஜ் என்று டெல்லி போடும் கூடுதல் வரிகள் பற்றி ஆடிட்டர் ஏன் வாய் திறக்கவில்லை? மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்கிறார்கள். செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. பெட்ரோலில் வசூலிப்பதை யோசித்துப் பாருங்கள். அது பீகாருக்கும் போகாது, நமக்கும் வராது. அடுத்து தொகுதி மறுவரையறை. 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்த எம்.பி. எண்ணிக்கையை எடுத்தால் பணமும் போய்க் குரலும் போகும். 2019-21 குடும்ப நல ஆய்வில் பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 பிள்ளை, இங்கே 1.8. நான் பயப்படுவதில் என்ன தப்பு?

#15 ஐந்தொகை

செஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப் போகிறேன். பீகார் நிதியமைச்சரைக் கேட்டாலும் ஒத்துப் போவார். ஜிஎஸ்டி மட்டும் நுகரும் மாநிலத்துக்குப் போகும்படி 2017இல் மாற்றினார்கள், அதில் உற்பத்தி செய்கிற நமக்கு இழப்பு, வாங்குகிற பீகாருக்கு லாபம். கனிம மாநிலங்களுக்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதி அமர்வு கனிம உரிமைக்கு வரி போடும் அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. ஆகவே ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் கிடைக்கிறது, கொஞ்சம் போகிறது. ஒரே ஒரு எண்ணை வைத்து யார் யாருக்குப் படியளக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. மறுவரையறை பயம் நியாயமானது, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

#16 மிதிலா_கிளை (ஓய்வு)

மணி தம்பியின் பக்கத்து யூனிட்காரர் கேட்டது நல்ல கேள்வி. ஆமாம், இனாம் இல்லை. வைப்புக்கு வட்டி கொடுக்கிறோம். சேமிப்புக் கணக்கில் அம்மாவுக்குப் பெரிய வங்கிகளில் மூன்று சதவீதம்கூட வராது. அதே அம்மா ஊரில் மகள் கல்யாணத்துக்குக் கடன் வேண்டும் என்றால் வங்கியில் பத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்புவோம், அவர் மைக்ரோ ஃபைனான்ஸில் இருபதுக்கு மேல் வட்டி கட்டுவார். வாராவாரம் குழுவாக உட்கார வைத்து வசூல். மிதிலாவில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு.

சோழன் தம்பி, உங்கள் செஸ் வாதம் சரியே. பீகாரை நாம் தாங்குகிறோம் என்பதோடு மட்டும்தான் எனக்குச் சண்டை.

#17 கண்மாய்க்கரை (ராமநாதபுரம்)

ஐயா, மாநிலவாரியாகக் கடன் வைப்பு விகிதம் சொன்னீர்கள். மாவட்டவாரியாகக் கிடைக்குமா? துபாய்ப் பணம் எங்கள் மாவட்ட வங்கிகளில் இருந்து எங்கே போகிறது என்று பார்க்க ஆசை.

#18 மிதிலா_கிளை (ஓய்வு)

கிடைக்கும் தம்பி. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு, கலெக்டர் தலைமையில் கூட்டம் போடுவார்கள். மாநில அளவிலான வங்கியாளர் குழுமத்தின் இணையதளத்தில் கூட்டக் குறிப்போடு மாவட்டவாரிப் பட்டியல் இருக்கும். வைப்பு, கடன், விகிதம் என்று மூன்று பத்தி. கடைசிப் பத்தியை மட்டும் பார்க்காதீர்கள். நகைக் கடன் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள், நம் மாவட்டங்களில் விகிதம் அழகாகத் தெரிவதற்குப் பாதி காரணம் அதுதான். அதைக் கழித்துவிட்டுச் சிறுதொழில் கடன் என்ன மிஞ்சுகிறது என்று இங்கே போடுங்கள். எந்த மாவட்டத்திலாவது விகிதம் 40க்குக் கீழே போனால் தனித் துணைக்குழு போட்டு ஏன் என்று விசாரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மதுபனியில் அந்தத் துணைக்குழுக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சமோசா நன்றாக இருக்கும்.